முதல் படத்துக்கு பி.ஆர்.ஓ. வேண்டுமா? வேண்டுமென்றால் யாரை வைப்பது?

ஃபர்ஸ்ட் காப்பி, அதாவது எல்லா வேலையும் முடிந்து திரையிடும் நிலையில் உள்ள பிரதி, தயாரானதும் புதுத் தயாரிப்பாளரிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி, "பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பாளர்) யாரு?" கேட்பவர்களுக்கு அது சாதாரண விசாரிப்பு. பதில் சொல்ல வேண்டியவருக்கு, கையில் மிச்சமிருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் போடுவது என்கிற பெரிய முடிவு. பதற்றத்தில் எடுத்த முடிவால் அந்தப் பணம் வீணாவதைக் கோடம்பாக்கத்தில் அடிக்கடி பார்க்க முடிகிறது. அப்படி இன்னொருவருக்கு ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். சின்ன பட்ஜெட்டில் முதல் படம் எடுத்து, தியேட்டரில் ரிலீஸ் செய்யப்போகும் தயாரிப்பாளர், இயக்குநர் இருவருக்குமானது இது.

தமிழில் இப்போது ஆண்டுக்கு 200 படங்களுக்கு மேல் வெளியாகின்றன. ஒரே வெள்ளிக்கிழமையில் ஐந்தாறு படம் வருவது சகஜம். அதில் ஒன்று பெரிய நடிகர் படமாக இருந்தால், மற்றவை வந்ததே தெரியாமல் திங்கட்கிழமைக்குள் தூக்கப்பட்டுவிடும். அதனால் விளம்பரத்தைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தக் கவலைக்கு பி.ஆர்.ஓ.தான் மருந்தா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அவர் வேலை எது, எது இல்லை

தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று ஃபிலிம் நியூஸ் ஆனந்தனைச் சொல்வார்கள். 1958-ல் வெளியான 'நாடோடி மன்னன்' படத்தின் ஸ்டில்களையும் செய்திகளையும் பத்திரிகைகளுக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை அவர் ஏற்றார். அவரே பத்திரிகைப் புகைப்படக்காரர் என்பதால் எந்தப் பத்திரிகைக்கு எது தேவைப்படும், அங்கே யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு ஸ்டில் கவருக்குப் பதில் டிரைவ் லிங்க், நேரில் போவதற்குப் பதில் வாட்ஸ்அப் குரூப். மற்றபடி வேலையின் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது: சரியான செய்தியைச் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் சேர்ப்பது.

இதோடு வேறு மூன்று வேலைகளைப் புதியவர்கள் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். போஸ்டர் செய்பவர் பப்ளிசிட்டி டிசைனர். இன்ஸ்டாகிராம், மீம் பக்கங்கள், யூடியூப் விளம்பரம் பார்ப்பது டிஜிட்டல் டீம். ஊர் ஊராகப் போஸ்டர் ஒட்டுவது விநியோகஸ்தர் பக்கத்து வேலை. பத்திரிகை, டிவி, இணையதளம், சேனல் ஆகியவற்றில் வேலை செய்பவர்களோடு பேசுவது பி.ஆர்.ஓ. வேலை. செய்திக் குறிப்பு, பேட்டி, பிரஸ் மீட், நிருபர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டும் பிரஸ் ஷோ எல்லாம் அதில் அடக்கம். "எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன் சார்" என்று ஒருவர் சொன்னால், எதற்கு எந்த ஆளை வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். சிலரிடம் நிஜமாகவே நல்ல டிஜிட்டல் டீம் இருக்கும். அதில் தவறில்லை, கணக்கு மட்டும் தனித்தனியாக வர வேண்டும்.

பி.ஆர்.ஓ.வால் தியேட்டர் பிடித்துத் தர முடியாது. விமர்சனம் நன்றாக வர வைக்க முடியாது. படத்தில் இல்லாத சுவாரசியத்தை உண்டாக்கவும் முடியாது. இந்த மூன்றில் ஒன்றை எதிர்பார்த்து பி.ஆர்.ஓ. வைப்பதாக இருந்தால் இப்போதே யோசனையை மாற்றிக்கொள்ளலாம்.

தேவையா என்று முடிவு செய்ய

முதலில் ரிலீஸ் தேதி. சென்சார் சான்றிதழ் வந்துவிட்டதா, விநியோகஸ்தரிடம் பேசி முடித்தாகிவிட்டதா? இல்லையென்றால் பொறுங்கள். பூஜை போட்ட நாளிலிருந்தே பி.ஆர்.ஓ. வைத்து, பெயர் அறிவிப்பு, முதல் கட்டப் படப்பிடிப்பு, இரண்டாம் கட்டப் படப்பிடிப்பு என்று மாதாமாதம் செய்தி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நிருபர்களுக்கு அந்தப் படத்தின் பெயரைப் பார்த்தாலே சலிப்பு வந்துவிடும். உண்மையில் சொல்ல விஷயம் இருக்கும் ரிலீஸ் வாரத்தில் யாரும் அந்த மெசேஜைத் திறக்க மாட்டார்கள். மக்களுக்கு நன்றாகத் தெரிந்த நடிகர் படத்தில் இருந்தால் மட்டும் இது வேறு கணக்கு. அவர் ஷூட்டிங்கில் இருக்கும் போட்டோவே செய்திதான்.

அடுத்து, சொல்வதற்குச் செய்தி இருக்கிறதா என்று பாருங்கள். "நல்ல படம்" என்பது செய்தி ஆகாது, எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கும் கதை ஒன்றை நீங்கள் படமாக்கியிருக்கிறீர்கள். செய்திக் குறிப்பு இப்படி எழுதப்படுகிறது:

"முற்றிலும் மாறுபட்ட கதைக்களத்தில் காதல், காமெடி, சென்டிமென்ட் என அனைத்தும் கலந்து, அனைத்துத் தரப்பினரும் ரசிக்கும் வண்ணம் உருவாகியுள்ளது இத்திரைப்படம்."

இந்த வரியைச் சினிமா நிருபர் ஒவ்வொரு நாளும் படிக்கிறார். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும் ஒரு அம்மா, மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட ஒரே இரவில் எடுக்கும் முடிவுதான் கதை. படத்தில் வரும் தொழிலாளர்கள் எல்லாரும் நிஜமாகவே அங்கே உப்பு வாருபவர்கள். வெயில் உச்சத்தில் இருக்கும் உப்பு எடுப்பு மாதங்களிலேயே படப்பிடிப்பு நடந்தது."

இரண்டாவதில் நிருபருக்குப் பிடிமானம் கிடைக்கிறது. தென் மாவட்டப் பதிப்பில் இருப்பவர் அந்தத் தொழிலாளர்களைப் பார்க்கப் போகலாம். மகளிர் இதழில் அந்த அம்மா வேடத்தில் நடித்தவரின் பேட்டி வரலாம். வெயிலில் கேமராவை எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒரு யூடியூப் சேனல் ஒளிப்பதிவாளரைக் கேட்கலாம். இப்படி மூன்று நான்கு முனைகள் உங்கள் படத்தில் தென்பட்டால் பி.ஆர்.ஓ.வுக்குக் கொடுக்கும் பணத்துக்கு வேலை இருக்கிறது. ஒன்றுமே தோன்றவில்லை என்றால், படத்தைப் பார்த்த நண்பர்களிடம் எது மனதில் நின்றது என்று கேட்டு எழுதுங்கள். அதற்கு முன்னால் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, பணம். தியேட்டர்களில் டிஜிட்டலாகத் திரையிட கியூப், யூஎஃப்ஓ நிறுவனங்களுக்குக் கட்டும் கட்டணம், போஸ்டர், பத்திரிகை விளம்பரம் எல்லாவற்றுக்கும் ஒதுக்கிய பிறகும் மிச்சம் இருந்தால்தான் இந்தப் பேச்சு. பேட்டியைப் படித்துவிட்டு ஒருவர் தன் ஊர் தியேட்டரில் தேடும்போது அங்கே படம் இல்லையென்றால் அந்தப் பேட்டியால் என்ன பயன்? தியேட்டர் செலவில் கை வைத்து பி.ஆர்.ஓ. வைக்காதீர்கள்.

குறும்படத்துக்கும், யூடியூபில் நேராகப் போடும் படத்துக்கும் பெரும்பாலும் தேவையில்லை. ஓடிடியில் நேரடியாக வருகிறது என்றால் அந்தத் தளத்துக்கே பி.ஆர். ஆட்கள் இருப்பார்கள், அவர்கள் எந்த அளவு செய்வார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ரோட்டர்டாம் மாதிரியான வெளிநாட்டு விழாவுக்குப் படம் தேர்வானால் அங்கே வேலை செய்யும் பப்ளிசிஸ்ட்டுகளின் உலகம் வேறு. உள்ளூர் பி.ஆர்.ஓ.வை அதற்கு எதிர்பார்க்க முடியாது.

ஒரு வாரம் நீங்களே செய்து பாருங்கள்

யாரையும் தேடுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்வேன். பதினைந்து நல்ல ஸ்டில் எடுத்து வையுங்கள். ஓடும் காட்சியிலிருந்து வெட்டி எடுத்த மங்கலான படம் வேண்டாம், அச்சில் போடும் தரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் எழுதுங்கள். மேலே சொன்ன மாதிரி ஒரு பக்கச் செய்திக் குறிப்பு எழுதுங்கள். நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்களை எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கள். ஒளிப்பதிவாளர் பெயரைத் தப்பாகப் போட்டால் அதே தப்பு இருபது இணையதளத்தில் வந்து நிற்கும், அப்புறம் திருத்த முடியாது.

பிறகு உங்களைப் போன்ற சின்னப் படங்களைப் பற்றி மனமொன்றி எழுதியவர்கள் யார் என்று தேடுங்கள். தினமணி, இந்து தமிழ் திசை, ஆனந்த விகடன், இணைய இதழ்கள், யூடியூப் பேட்டியாளர்கள் என்று ஒரு பத்துப் பேர் கிடைப்பார்கள். தனித்தனியாக மெயில் போடுங்கள். அவர் முன்பு எழுதியதில் எதைப் படித்தீர்கள் என்று ஒரு வரி, உங்கள் படம் ஏன் அவருக்குப் பிடிக்கலாம் என்று ஒரு வரி, டிரெய்லர் லிங்க். போதும். பத்தில் மூன்று பேர் பதில் போட்டாலே உங்கள் படத்தில் செய்தி இருக்கிறது என்று அர்த்தம். இதையே பெரிய அளவில் செய்ய ஆள் தேவையா, டீமில் இருக்கும் உதவி இயக்குநர் ஒருவரே பார்த்துக்கொள்வாரா என்பதும் அப்போது தெரிந்துவிடும். பி.ஆர்.ஓ. வைத்தாலும் இந்த உழைப்பு வீண் போகாது. அவர் முதல் நாள் கேட்கப்போவதும் இதே ஸ்டில்களையும் இதே விவரங்களையும்தான்.

எங்கே தேடுவது

நண்பரின் நண்பர் சொன்னார் என்று போகாதீர்கள். கடந்த ஒரு வருடத்தில் உங்கள் பட்ஜெட்டை ஒத்த பத்துப் படங்களின் போஸ்டரை எடுத்து, "மக்கள் தொடர்பு" என்று போட்டிருக்கும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

அடுத்தது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வேலை. ஒவ்வொரு படத்தின் பெயரையும் இணையத்தில் தேடி, வந்திருக்கும் செய்திகளை வரிசையாகத் திறந்து படியுங்கள். இருபது தளத்திலும் ஒரே குறிப்பு, ஒரு வார்த்தை மாறாமல் வந்திருக்கிறதா? அப்படியென்றால் அந்த பி.ஆர்.ஓ. குரூப்பில் ஃபார்வர்ட் செய்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரு நிருபர் தன் பெயரில் எழுதிய கட்டுரை இருக்கிறதா? எடிட்டரையோ கலை இயக்குநரையோ தனியாகப் பேட்டி கண்டிருக்கிறார்களா? படத்தின் ஊர்க்காரப் பதிப்பில் ஏதாவது வந்திருக்கிறதா? அப்படி இருந்தால் அங்கே யாரோ படத்தைப் புரிந்துகொண்டு, இன்னாரிடம் பேசினால் எடுபடும் என்று யோசித்து போன் செய்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியவர் அவர்தான். ஃபார்வர்ட் செய்வதற்கு உங்கள் டீம் பையனே போதும்.

இப்படி மூன்று பெயர் தேறினால், அவர்களோடு வேலை செய்த தயாரிப்பாளர்களிடம் பேசுங்கள். ஓடிய படத்தின் தயாரிப்பாளர் எல்லாரையும் நல்லவர் என்றுதான் சொல்வார். ஓடாத படத்தின் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். முதல் நாள் கூட்டம் வரவில்லை என்று தெரிந்த பிறகு அந்த பி.ஆர்.ஓ. போனை எடுத்தாரா? சொன்ன செலவுக்கு மேல் பில் வந்ததா? ரிலீஸ் தள்ளிப்போனபோது என்ன செய்தார்? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதில் போதும்.

பி.ஆர்.ஓ.க்களுக்குச் சங்கம் இருக்கிறது. உறுப்பினரா என்று விசாரித்துக்கொள்ளலாம். பின்னால் பணப் பிரச்சினை வந்தால் பேச ஓர் இடம் இருக்கும். ஆனால் கார்டு இருப்பது திறமைக்கு அத்தாட்சி ஆகாது.

நேரில் பேசும்போது

படத்தைப் போட்டுக் காட்டுங்கள். முழுப் படத்தையும் பார்க்காமல் சம்பளம் பேசுபவரை விட்டுவிடலாம். பார்த்து முடித்ததும் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "ஆடியோ லாஞ்சுக்கு யார் சார் சீஃப் கெஸ்ட்?" என்பதே முதல் கேள்வி என்றால் அவர் மனதில் விழாதான் ஓடுகிறது. "அந்த அம்மாவா நடிச்சவங்க யாரு, எந்த ஊரு?" என்று கேட்டால் அவர் செய்தியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

பிறகு நீங்கள் கேளுங்கள். இந்தப் படத்தை முதலில் யாரிடம் கொண்டுபோவீர்கள், ஏன் அவர்? "எல்லா மீடியாவும் நமக்குத் தெரியும்" என்பது பதில் ஆகாது. அதே வெள்ளிக்கிழமை வேறு எந்தெந்தப் படம் கையில் இருக்கிறது? இதைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். பெரிய பி.ஆர்.ஓ. ஒருவரிடம் அதே வாரம் பெரிய ஹீரோ படமும் இருந்தால் உங்கள் போனை அவருடைய உதவியாளர்தான் எடுப்பார். பெயர் பெற்றவரின் உதவியாளரைவிட, அந்த வாரம் உங்கள் படத்தை மட்டும் வைத்திருக்கும் இளைஞர் எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. படத்தில் எது பலவீனம் என்றும் கேளுங்கள். "இரண்டாம் பாதி இழுக்குது, பிரஸ் ஷோவை ரொம்ப முன்னாடி வைக்க வேண்டாம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

சில பேச்சுகள் காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள். "நாலு ஸ்டார் கேரண்டி", "நெகட்டிவ் ரிவ்யூவே வராம பாத்துக்கறேன்", "ஒரு மில்லியன் வியூஸ் ஏத்திடலாம்." போலி வியூஸ் யூடியூப் விதிகளுக்கே எதிரானது, ஏறியது இறங்கும். நெகட்டிவ் விமர்சனத்தை நிறுத்த எந்தத் தனி ஆளாலும் முடியாது. தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்களை அனுமதிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர் சங்கமே 2024 நவம்பரில் தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று போடப்பட்ட வழக்கில் அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. சங்கத்தாலும் வழக்காலும் முடியாததை ஒருவர் செய்து தருவதாகச் சொன்னால் அவரை நம்ப வேண்டியதில்லை.

காசு கொடுத்து விமர்சனம் போடுவது பற்றியும் பேச்சு வரும். "எல்லாரும் செய்றாங்க" என்பார்கள். நீங்கள் செய்யாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு சொல்வதை விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிகளும், சமூக ஊடகப் பிரபலங்களுக்கென 2023 ஜனவரியில் வந்த நெறிகளும் சொல்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் உண்டு, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. சட்டத்தை விடுங்கள், 120 ரூபாய் டிக்கெட் எடுத்து வந்தவரை ஏமாற்றி உள்ளே உட்கார வைத்தால் உங்கள் இரண்டாவது படத்துக்கு அவர் வர மாட்டார். விளம்பரம் என்று போட்டுச் செய்வதில் தப்பே இல்லை. அதற்கான பணம் டிஜிட்டல் டீமின் கணக்கில் போகட்டும்.

பணமும் பேப்பரும்

சம்பளம் பெரும்பாலும் படத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசப்படும். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் மூன்று பேரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள்: உங்கள் சம்பளம் எவ்வளவு, அதற்கு மேல் ஆகும் செலவு எவ்வளவு? இரண்டாவதில்தான் கணக்கு எகிறும். பிரஸ் மீட்டுக்கு பிரசாத் லேப் மாதிரி ஓர் இடம் எடுத்தால் வாடகை, பேனர், மைக், போட்டோகிராஃபர், டிபன், வருபவர்களுக்கு வண்டி என்று தனித்தனியாக வரும். ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே எஸ்டிமேட் வாங்குங்கள், பில் இல்லாத செலவு ஏற்கப்படாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவரென்றால் சம்பளத்துக்கு மேல் 18 சதவீதம் வரும். அது பேசிய தொகைக்குள்ளா, வெளியிலா என்பதைத் தெளிவாக்குங்கள். டிடிஎஸ் (சம்பளம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பது பற்றி ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸாக மூன்றில் ஒரு பங்கு, பிரஸ் ஷோ முடிந்ததும் ஒரு பங்கு, ரிலீசுக்கு ஒரு வாரம் கழித்து மீதி என்று பிரித்துக் கொடுப்பது இருவருக்கும் நல்லது. நம்பிக்கையில் நடக்கும் தொழில்தான், இருந்தாலும் இரண்டு பக்கத்தில் எழுதி வையுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் நேரடியாகப் பார்ப்பார், எத்தனை பிரஸ் மீட், குறைந்தது எத்தனை தனிப் பேட்டிக்கு முயற்சி என்று இருக்கட்டும். பேட்டி வெளியாவது அவர் கையில் இல்லை, அதனால் முயற்சி என்றுதான் எழுத வேண்டும். உங்கள் ஒப்புதல் இல்லாமல் எந்தக் குறிப்பும் வெளியே போகக் கூடாது. படத்தின் சமூக ஊடகக் கணக்குகள் உங்கள் மெயிலில்தான் தொடங்கப்பட வேண்டும், பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும்.

மறக்கவே கூடாத ஒரு வரி உண்டு: ரிலீஸ் தள்ளிப்போனால் என்ன? சின்னப் படங்களுக்கு தியேட்டர் கிடைக்காமல் கடைசி வாரத்தில் தேதி மாறுவது வெகு சாதாரணம். அப்போது புதிதாகச் சம்பளமா, அதே சம்பளமா, எத்தனை மாதம் வரை என்று முன்பே எழுதியிருந்தால் அந்த மோசமான வாரத்தில் ஒரு சண்டை குறையும்.

வைத்த பிறகு

ரிலீசுக்கு ஆறு வாரம் முன் வேலை தொடங்கினால் சின்னப் படத்துக்குப் போதும். கடைசி பத்து நாளில் வந்து நிற்கும் தயாரிப்பாளருக்காக எவ்வளவு நல்ல பி.ஆர்.ஓ.வாலும் ஓட முடியாது. வார இதழ்கள் கடைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே அச்சுக்குப் போய்விடும், அதனால் அவர்களுக்கு முதலில். டிவி, யூடியூப் பேட்டிகள் கடைசி இரண்டு வாரத்தில். ஒரே நாளில் எல்லாச் சேனலையும் உட்கார வைத்து ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் எல்லாவற்றிலும் ஒரே பதில்தான் வரும். இயக்குநர் ஒரு கதையை ஒரு சேனலுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைப்பது நல்லது.

பிரஸ் ஷோ எப்போது என்பதை பி.ஆர்.ஓ.வோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். படத்தின் மேல் நம்பிக்கை இருந்தால் மூன்று நாலு நாள் முன்பே போடலாம், நல்ல பேச்சு பரவ நேரம் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் ரிலீசுக்கு முந்தைய நாள். ஷோ முடிந்து வெளியே வரும் நிருபர்களிடம் "எப்படி இருக்கு சார்?" என்று மைக்கைப் பிடிப்பதுபோல நிற்க வேண்டாம். நன்றி சொல்லி, சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல அங்கே இருங்கள். குறை சொல்லி எழுதுகிறவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், பி.ஆர்.ஓ.வையும் போக விடாதீர்கள். நிருபர்களோடு பி.ஆர்.ஓ. பத்து வருடமாகச் சம்பாதித்த உறவு அது, உங்கள் அடுத்த படத்துக்கும் அதுதான் வழி.

ரிலீசுக்கு அடுத்த திங்கட்கிழமை பி.ஆர்.ஓ.வோடு உட்காருங்கள். படம் நிற்கிறது என்றால் எந்த ஊரில் நிற்கிறது என்று விநியோகஸ்தரிடம் கேட்டு, அந்த ஊர்ப் பதிப்புகளுக்கும் சேனல்களுக்கும் மிச்சமிருக்கும் பேட்டிகளைத் திருப்பிவிடுங்கள். இரண்டாவது வாரத்துக்குக் கையில் இருக்கும் ஆயுதம் அதுதான். நிற்கவில்லை என்றால் புதுச் செலவு எதுவும் வேண்டாம். வந்த கட்டுரை, பேட்டி, விமர்சனம் எல்லாவற்றின் லிங்க்கையும் கட்டிங்கையும் ஒரே ஃபோல்டரில் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஓடிடிக்காரர்களிடம் பேசப் போகும்போது அதைக் கேட்பார்கள். ஃபோல்டர் வந்ததும் மீதித் தொகையை அதே வாரம் செட்டில் செய்துவிட்டு, உங்கள் படத்தைப் பற்றித் தன் பெயர் போட்டு எழுதிய ஒவ்வொருவருக்கும் நீங்களே ஒரு போன் போட்டுப் பேசுங்கள்.